விறாந்தையில் இருக்கும் பட்டதாரி

விழா மலரொன்றில் இடம்பெறத் தக்கவர் யாவர் என்பதில் நமக்குள் ஐயம் இருந்ததில்லை. வைத்தியர், பொறியியலாளர், நீதிபதி, நிருவாக சேவை அதிகாரி, கடல்கடந்து சென்று பேராசிரியரானவர் என்று ஒரு நிரல் உண்டு. அந்நிரலைப் பரிசளிப்பு விழா மேடைகளில் நானும் பலமுறை பெருமிதத்தோடு வாசித்திருக்கின்றேன். இம்முறை மலர்க்குழுவினர் என்னிடம் கல்லூரியின் தமிழ்ப் பணி பற்றி ஒரு கட்டுரை கேட்டனர். அதனை எழுத என்னிலும் வல்லார் இக்கல்லூரியில் உளர். ஆதலால், அந்நிரலில் பெயர் வராத ஒரு பழைய மாணவனைப் பற்றி எழுத விடை தருமாறு வேண்டினேன். குழுவினர் சற்றுத் தயங்கிப் பின் இசைந்தனர். அவர்களுக்கு என் நன்றி.

அவன் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கின்றான். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை நம் கல்லூரியிற் படித்தவன். கலைப்பிரிவிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்தான். 2020இல் வந்த கொள்ளை நோயும் 2022இல் வந்த எரிபொருள் முடையும் அவன் படிப்பை நீட்டிவிட்டன. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான் இறுதித் தேர்வை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று தொட்டு அவன் இருப்பிடம் வீட்டின் முன்விறாந்தை.

காலையில் எழுந்து நீரிறைக்கும் மோட்டரைப் போடுவான். தங்கையைத் தனியார் கல்வி நிலையத்துக்குச் சைக்கிளில் ஏற்றிச் செல்வான். திரும்பும் வழியில் வாசிகசாலையில் இறங்கிப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை முதலிலும், வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பின்னும் படிப்பான். வெள்ளிக்கிழமையென்றால் வர்த்தமானி அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்கு மருந்து வாங்குவது, கிராம அலுவலரிடம் கையொப்பம் பெறுவது, அயல்வீட்டாரின் கடவுச்சீட்டுப் படிவத்தை நிரப்புவது, இறந்தவர் வீட்டிற் கதிரை அடுக்குவது எல்லாம் அவன் தலையிலே விழும். ஒரு நாளில் அவன் செய்யும் காரியங்களைக் கூட்டிப் பார்த்தால், கதிரையில் இருந்து சம்பளம் வாங்குவோர் சிலர் நாணவேண்டி வரும். ஆயினும் ஊரார் அவனைச் சுட்டுவது ‘சும்மா இருக்கிற பொடியன்’ என்றே.

கலியாண வீடுகளுக்கு அவன் போவதில்லை. பந்தியில் அமர்ந்தவுடன் பக்கத்திலிருக்கும் பெரியவர், “தம்பி, இப்ப என்ன செய்யிறீர்?” என்பார். அக்கேள்வியிற் கொடுமை ஒன்றும் இல்லை. கேட்பவர் அன்போடுதான் கேட்கின்றார். ஆனால் ஒரு பந்தியில் மூன்று பேர் கேட்டால் சோறு இறங்காது. கோயிலுக்கும் அவன் கூட்டம் கலைந்த பின்பே போகின்றான்.

மாலையில் ஆட்டம் இருக்கும். இலங்கை அணி எங்கே ஆடினாலும் அவன் பார்ப்பான். வீட்டுத் தொலைக்காட்சி தாயாரின் நாடகத்துக்கு உரியதாகிவிட்டால் கைத்தொலைபேசியிற் பார்ப்பான். பார்ப்பதோடு நில்லாமல் ஒரு கணக்குக் கொப்பியிற் கோடு கீறிப் பந்துக்குப் பந்து ஓட்டக் கணக்கும் எழுதுவான். அக்கொப்பியை நான் பார்த்திருக்கின்றேன். மிக அழகான எழுத்து. அவனுடைய கட்டுரைக் கொப்பியில் அவ்வெழுத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கொப்பியில் உள்ள எண்கள் துயரமானவை. 2023 செப்டெம்பர் 17: கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவுக்கு எதிராக 50 ஓட்டங்கள், 10 விக்கெற்றுகளும் வீழ்ந்தன. முகமது சிராஜ் ஒருவரே 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெற்றுகள். அதே ஆண்டு நவெம்பர் 2: மும்பையில் உலகக் கிண்ண ஆட்டம், மறுபடியும் இந்தியா, 55 ஓட்டங்கள், தோல்வி 302 ஓட்டங்களால். 2024 யூன் 3: நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 77. அவ்வாண்டு நவெம்பர் 28: டேர்பன் நகரில் நடந்த டெஸ்ற் ஆட்டத்தில் 42. பரீட்சையென்றால் 55 திறமைச் சித்தி, 42 சாதாரண சித்தி என்று நான் ஒருமுறை நகையாடினேன். அவன் சிரிக்கவில்லை.

“சேர், தோக்கிறதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. எப்பிடித் தோக்கிறாங்கள் எண்டதுதான்” என்றான். பின்பு அரைமணி நேரம் விளக்கினான். புதுப்பந்து வளைந்து செல்லும்போது முன்காலை எங்கே வைக்க வேண்டும், தெரிவாளர்கள் ஏன் ஓராண்டுக்குள் ஆரம்பத் துடுப்பாட்டவீரரைப் பலமுறை மாற்றுகின்றார்கள், உள்ளூர்ப் போட்டிகளின் ஆடுகளங்கள் எவ்வாறு மெதுவான பந்துவீச்சுக்கே இடம் கொடுக்கின்றன என்றெல்லாம் காரணங் காட்டிப் பேசினான். 2023 நவெம்பரில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெற் நிருவாகத்தைக் கலைத்ததும், நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியதும், 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெற் சபை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியதும் அவனுக்கு மனப்பாடம். அதன் பயனாக, 2024 சனவரியில் இலங்கையில் நடைபெறவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. அதைப் பார்க்கக் கொழும்பு செல்வதற்கென்று அவன் படிவம் நிரப்பிக் கொடுத்துச் சேர்த்த சிறுகாசு ஒன்று இருந்தது. அப்பணம் பின்னர் வீட்டின் மின்கட்டணத்துக்குப் போயிற்று.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகின்றேன். இந்தப் பையனைப் பற்றி ஊரில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது: ‘பந்தடி பார்த்துக் கெட்டான்.’ அத்தீர்ப்பு பிழையானது என்பது என் துணிபு. தந்தையார் என்னிடமே வந்து, “சேர், நீங்கள் சொன்னால் கேட்பான், உந்தக் கொப்பியைப் பறிச்சு எறியுங்கோ” என்று கேட்டார். அவர் அறியாத ஒன்று உண்டு. நான் அதனை முன்பே ஒருமுறை செய்திருக்கின்றேன். அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது இலக்கண பாட வேளையில் மேசைக்குக் கீழே இத்தகைய ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். புணர்ச்சி விதியை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, அவன் முதல் நாள் ஆட்டத்தின் பந்துவீச்சுத் தொகுப்பை எழுதிக்கொண்டிருந்தான். பறித்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் அதன்பின் இலக்கணத்திற் சிறந்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

வேறொரு நாளையும் இங்கே நினைவுகூர வேண்டியிருக்கின்றது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தை விட்டு நடந்த கூட்டத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. அடுத்த மார்ச் மாதத்தில் நாங்கள் தென்மராட்சியில் ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டிலைத் தடுத்து இருந்தோம். 1990ஆம் ஆண்டு முதலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு இடும் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலி கேட்போம். இதனை இன்றைய மாணவர்க்குச் சொன்னால் கதையென்று எண்ணுவர். அவர்தம் பெற்றோரைக் கேட்டறிக.

மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இருட்டிய பின் ஏழெட்டுப் பேர் சைக்கிளைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ஒருவர் மாறி ஒருவர் மிதியைச் சுற்றினோம். ஜயசூரியாவும் களுவித்தாரணவும் 23 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தபோது, சுற்றிக்கொண்டிருந்த என் கை தளர்ந்தது. வானொலி ஓய்ந்தது. எல்லோரும் என்மேற் பாய்ந்தனர். சுற்றினால் ஆட்டம் நடக்கும், நிறுத்தினால் நிற்கும் என்றே எங்களுக்குப் பட்டது. அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றார். நாங்களும் முறைவைத்துச் சுற்றினோம். ஏழு விக்கெற்றுகளால் வெற்றி கிட்டியபோது வெடி கொளுத்த எவரும் எண்ணவில்லை. அக்காலத்தில் வெடிச்சத்தம் எவர்க்கும் வேண்டியிருக்கவில்லை. அந்த அணி நம் அணிதானா என்ற வழக்கு அன்று அந்தக் கொட்டிலிலேயே எழுந்தது. இன்றும் வாசிகசாலைத் திண்ணையில் உண்டு. அதனை இங்கே தீர்க்க நான் புகவில்லை.

மறுநாட் காலை என் வலக்கை தூக்க முடியாதபடி நொந்தது. அந்த நோவை நான் இன்றும் பெருமையோடு நினைக்கின்றேன். இடம்பெயர்ந்து, பள்ளியிழந்து, சங்கக்கடை வரிசையில் நின்ற பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த ஓரிரவு தன் கையால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. விறாந்தையில் இருக்கும் என் மாணவனுக்கு அஃது இல்லை. ஆட்டம் அவன் கைத்தொலைபேசியில் தானாகவே ஓடுகின்றது. அவன் கோபப்பட்டாலும் ஓடும். கண்ணை மூடினாலும் ஓடும். வேலையின் நிலையும் அதுவேதான். விண்ணப்பம் போட்டாயிற்று, நேர்முகத் தேர்வுக்குப் போயாயிற்று. இனி எங்கோ ஒரு மேசையில் அவன் கோவை தன்பாட்டிற் கிடக்கின்றது. இரண்டிலும் அவன் பார்த்துக்கொண்டிருக்கவே விதிக்கப்பட்டவன். துடுப்பாட்டவீரர் மேல் அவன் கொள்ளும் கோபம் அளவு மீறியது என்று ஊரார் சொல்கின்றனர். அஃது உண்மையே. அதிற் பாதி அவர்களுக்கு உரியதன்று.

அவன் இவ்வாறு காத்திருப்பதற்கு நாமே பயிற்றினோம் என்பதை நம்மிற் பலர் ஒப்புவதில்லை. ‘கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்’ என்னும் பழமொழியை யாழ்ப்பாணத்துப் பிள்ளை பாலோடு குடிக்கின்றது. வகுப்பறையில் நான் அதனை வேறு சொற்களிற் சொல்லியிருக்கின்றேன்: ‘பட்டத்தை எடு, மற்றது தானாக வரும்.’ பட்டம் பெறாத பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய நான் அதைச் சொன்னபோது என் சொந்த ஏக்கமும் அதிற் கலந்திருந்தது. 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் மாதக் கணக்கில் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். அவ்வழியே பாடசாலைக்குச் சென்ற நாட்களில் அக்கூட்டத்தில் என் மாணவர் முகங்கள் சில கண்டு சைக்கிளை வேகமாக மிதித்துக் கடந்திருக்கின்றேன். 2020இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராக மாதம் 20,000 ரூபா படியோடு சேர்த்தது. அவ்வாண்டிற் பட்டம் பெற்றிருந்தோர் தப்பினர். என் மாணவன் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தான். இனி அத்தகைய கதவு எப்போது திறக்கும் என்று அவனைப் போன்றோர் பார்த்திருக்கின்றனர்.

வேலை தேடிக் கொடுக்க நம் கல்லூரியால் ஆகாது. பழைய மாணவர் சங்கத்தாலும் ஆகாது. அவ்வாறு ஆகும் என்று வாக்களிப்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் அவன் கைக்கு ஒரு மிதியைக் கொடுக்க நம்மால் ஆகும்.

நம் மைதானத்தைப் பாருங்கள். பாடசாலை விட்ட பின் அணியிலுள்ள பதினைந்து பேர் அங்கே பயிற்சி பெறுகின்றனர். ஏனையோர் வேலியோரம் நின்று பார்க்கின்றனர். பாடசாலையை விட்டு நீங்கிய பின்போ வேலிக்கு வெளியேதான். வாயிற்கதவு பூட்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பெரும் போட்டி வரும். அப்போது கூடாரம், மேளவாத்தியம், பப்பரே, தலைக்குத் தொப்பி, வெளிநாட்டிலிருந்து வந்தோர்க்கு முன்வரிசைக் கதிரை என யாவும் நடைபெறும். நானும் அங்கிருந்து கைதட்டுகின்றேன். இவ்வின்பத்தைக் குறைகூறும் நோக்கம் எனக்கு இல்லை. ஆயினும் இரண்டு நாட் கூடாரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஓராண்டுக்கு நான்கு இளைஞர்க்குச் சிறு வேதனம் கொடுத்துவிடலாமென்று என் கணக்கு சொல்கின்றது.

எதற்கு வேதனம்? நம் பதின்மூன்று வயதுப் பிரிவினர்க்கும் பதினைந்து வயதுப் பிரிவினர்க்கும் ஒழுங்கான பயிற்றுநர் இல்லை. விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒருவரே கிரிக்கெற்றும் பார்த்து, உதைபந்தாட்டமும் பார்த்து, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடும் இடுகின்றார். வெளியூர் அணி வந்தால் ஸ்கோர்ப் புத்தகம் எழுதுவதற்கு ஆள் தேடி வகுப்பு வகுப்பாக ஓடுகின்றோம். நடுவராகும் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய விரும்பும் இளைஞர் உண்டு. நூல் வாங்கிக் கொடுப்பார் இல்லை. இன்னொன்றும் உண்டு. இடப்பெயர்விற் பல அழிந்தபோக எஞ்சிய நம் பழைய ஸ்கோர்ப் புத்தகங்கள் களஞ்சிய அறையிற் செல்லரித்துக் கிடக்கின்றன. இம்மலருக்காகப் பழைய அணித்தலைவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தபோது மலர்க்குழுவினர் பட்ட பாட்டை நான் அறிவேன். அப்புத்தகங்களைப் படியெடுத்து அட்டவணை செய்ய அவனிலும் தக்கவன் யார்? அவன் எழுத்தை நான் முன்னரே புகழ்ந்துவிட்டேன்.

இதற்கு எழும் மறுப்புகளையும் நான் கேட்டிருக்கின்றேன். “மைதானத்தைத் திறந்துவிட்டால் பிறகு வேலை தேடமாட்டாங்கள்” என்றார் ஒருவர். மூன்று மணி முதல் ஆறு மணி வரை எந்தக் கந்தோர் இவர்களை வேலைக்கு அழைத்துக்கொண்டிருக்கின்றது என்று அவரிடம் கேட்க நினைத்து, வயதில் மூத்தவராதலால் விட்டுவிட்டேன். இன்னொருவர், “இதாலே ஒரு வியாஸ்காந்த் வருவாரோ?” என்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கிலும், 2024இல் ஐதராபாத் அணிக்காக இந்தியன் பிரிமியர் லீக்கிலும் பந்து வீசியபோது மகிழாதார் இங்கு இல்லை. என் மாணவன் அன்று தன் கொப்பியில் அவர் வீசிய ஒவ்வொரு பந்தையும் சிவப்பு மையால் எழுதினான். ஆனால் அத்தகையவர் ஆயிரத்தில் ஒருவர். அவரை உருவாக்குவதற்காக இதை நான் கேட்கவில்லை. மற்றைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றியே பேசுகின்றேன். மூன்றாவது மறுப்பு சற்று வலியது: சிறு வேதனம் இளைஞரை ஏமாற்றி வைத்திருக்கும், அதனினும் அவர்கள் கடல்கடந்து போவது நன்று என்பது. போக விரும்புவோர் போகட்டும். கடன்பட்டு முகவரிடம் பணம் கட்டி ஏமாந்தோர் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கின்றேன்.

சென்ற தவணையில் ஒரு நிகழ்ச்சி. பதினைந்து வயதுப் பிரிவினரின் ஆட்டம். கணக்கெழுத வேண்டிய மாணவன் காய்ச்சலென்று வரவில்லை. நான் ஆள் அனுப்பி அவனை அழைப்பித்தேன். காற்சட்டை மாற்றி, தலைவாரி, தன் சொந்தப் பேனையோடு வந்தான். வேப்பமர நிழலிற் கதிரையைப் போட்டு மாலை வரை அசையாது இருந்தான். ஒருமுறை மட்டும் எழுந்து நடுவரிடம் சென்றான். உதிரியாகக் கொடுத்த ஓட்டத்தைத் துடுப்பாட்டவீரனுக்கே கொடுக்கவேண்டும், பந்து துடுப்பின் ஓரத்தைத் தொட்டே சென்றது என்றான். நடுவர் உடன்படவில்லை. அவன் திரும்பி வந்து நடுவர் சொன்னபடியே எழுதினான். ஆனால் பக்கத்தோரத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு குறி இட்டான். ஆட்டத்தில் நம் பிள்ளைகள் தோற்றனர். தோற்ற பையன்களை அவன் நிறுத்தி வைத்து, எந்தப் பந்துப் பரிமாற்றத்தில் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று என்று புத்தகத்தை விரித்துக் காட்டினான். அவன் குரலில் அப்போது கோபமே இல்லை. அன்றிரவு இலங்கை அணியின் ஆட்டம் ஒன்று இருந்தது. அதனைப் பார்க்க மறந்துவிட்டதாகத் தாயார் மறுநாள் என்னிடம் சொன்னார்.

இவற்றையெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் எழுதிப் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றேன். வருடாந்தப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் அது பதினோராவது விடயமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றது. முகப்பு வளைவுக்கு வர்ணம் பூசுவது நான்காவது. சென்ற ஆண்டு ஏழாவது விடயம் முடிந்ததும் தேநீர் வந்துவிட்டது. அதன்பின் எவரும் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் அன்று சற்று நேரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.